மெழுகாத சுவர்

செட்டிகுளம்
12.7.68

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தில்லைநாதன் எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன் என்று எழுதத்தான் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். நான் ஆண்டவனைக் கேட்கவில்லை. உங்களையே கேட்கிறேன். சுகமாக இருக்கிறீர்களா? சாப்பாடு வயிற்றில் தங்குகிறதா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மலேரியாவுக்கு வீடு வீடாக டி.டி.ரி. மருந்து அடிக்கிற வேலை. அப்பா மீசாலையிலிருந்து ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எஸ்.எஸ்.சி. படிச்சது ஊரான் வீட்டுச் சுவரை நனைக்கவோ?" நான் பதில் எழுதவில்லை. கந்தோரில் கதிரையில் இருந்து கையெழுத்து வைப்பவனுக்குத்தான் அவர் வீட்டில் மரியாதை. ஒரு உயிரைக் காப்பாற்றுகிறவன் முதுகில் பம்பு தொங்கினால் அவன் கூலிக்காரன்.

ஐந்து வருடத்துக்கு முன் இந்த நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது என்றார்கள். மருந்தடிப்பதை விட்டார்கள். சனங்களும் வலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். காய்ச்சல் திரும்பி வந்தபோது கொழும்புக்கு வரவில்லை, வன்னிக்கு வந்தது.

போன மாரியில் உங்களுக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. குளிர்காய்ச்சல் பிடித்த மூன்றாம் நாள் வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. இந்தத் தடவை தை மாதம் பிள்ளை உங்கள் கையில் இருக்க வேண்டும். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள். பொழுது பட்டபின் முற்றத்தில் இருக்க வேண்டாம். வலைக்குள் படுங்கள், ஓட்டை இருந்தால் தையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வாய்க்கால் ஓரத்துக் குழிகளை மண் போட்டு மூடச் சொல்லி அத்தானிடம் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்துக்கும் அடுத்த மாதம் மருந்தடிக்க வருவார்கள். நுளம்பு இரத்தம் குடித்த பாரத்தில் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் போய் ஒட்டும். அந்தச் சுவரில் மருந்து இருந்தால் செத்துவிடும். அவ்வளவுதான் வித்தை. ஆகையால் மருந்தடித்த சுவரைக் கழுவவோ துடைக்கவோ வெள்ளையடிக்கவோ கூடாது. அடுத்த சுற்று வரும்வரை அப்படியே விட வேண்டும். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமிக்கும் அத்தானுக்கும் என் விசாரிப்பு.

அன்பும் அவசரமும் உள்ள தம்பி,
தில்லை

*

முத்தையன்கட்டு, இடதுகரை
28.7.68

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஜெகதீஸ்வரி ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அத்தானும் மாமியும் நல்ல சுகம். வயல் அறுவடைக்கு நிற்கிறது. உன்னுடைய கடிதத்தை அத்தான் எல்லோருக்கும் கேட்க வாசித்தார். வாசித்துவிட்டு, "உன்ர தம்பி கடிதம் எழுதேல்லை, சுகாதாரப் பாடம் நடத்துறான்" என்றார். ஆனாலும் அன்று பின்னேரமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி மூடப் போய்விட்டார்.

நீ புதிதாய்ப் படித்து வந்து சொல்கிறாய். அம்மா இதையெல்லாம் படிக்காமலே செய்தார். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வெளியே போய் வந்தால் கால் கழுவாமல் படி ஏற விடமாட்டார். குடிக்கிற பானையின் அடியில் தேத்தாங்கொட்டை தேய்த்துத் தண்ணீரைத் தெளிய வைப்பார். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. பொழுதுபடுகிற செக்கல் நேரத்தில் வேப்பமிலையும் உள்ளித்தோலும் போட்டுப் புகை பிடிப்பார், நாங்கள் இருமிக்கொண்டு ஓடுவோம். வெள்ளிக்கிழமை விடிய முன்னம் சாணமும் களியும் குழைத்து நிலமும் சுவரும் மெழுகிவிடுவார். வயிற்றில் பிள்ளை வந்ததிலிருந்து எனக்கு அம்மாவின் ஞாபகம்தான்.

ஒரு விஷயம் கேட்கிறேன். கோபிக்காதே. ஒட்டுசுட்டானில் இருந்து வருகிற மருந்தடி ஆட்களில் சிற்றம்பலம் என்று ஒருவன் இருக்கிறானாம். அவன் எந்தப் பகுதி ஆள் என்று மாமி விசாரித்து அறிந்துவிட்டார். "அவங்களைச் சாமியறைக்குள்ள விடேலாது. உன்ர தம்பியும் அந்த வேலைதானே. அவனை வரச் சொல்லு, அவனெண்டால் எங்கையும் போகட்டும்" என்கிறார். நீ இரண்டு நாள் லீவு எடுத்து வந்து எங்கள் வீட்டை மட்டும் அடித்துவிட்டுப் போகலாம்தானே? மாமியோடு வழக்காட இந்த நேரம் என்னால் முடியாது, தம்பி. உன்னைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

நுளம்பு உன்னைக் கடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா

*

செட்டிகுளம்
5.8.68

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தையே நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் வரமாட்டேன்.

லீவு கிடைக்காது என்று பொய் எழுதியிருக்கலாம். கேட்டால் கிடைக்கும். நான் கேட்கப் போவதில்லை. சிற்றம்பலம் பயிற்சியில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவன். வரணிப் பக்கத்துப் பொடியன். வாயைத் திறந்தால் பகிடி. அவன் அடித்தால் தீட்டு, நான் அடித்தால் சுத்தம் என்று ஒரு சுவர் சொல்லுமானால் அந்தச் சுவர் எனக்கு வேண்டாம். இந்த வருடம் யாழ்ப்பாணத்துக் கோயில் வாசல்களில் மனிதரை மனிதர் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். காடு வெட்டிப் புதிதாகக் குடியேறிய மண்ணிலும் அதே வாசலைக் கட்டப் போகிறீர்களா? காணி தரும்போது அரசாங்கம் எல்லோருக்கும் ஒரே அளவாகத்தானே தந்தது. வேலிக்குள் சாதியை நட்டது நாங்கள்.

மாமியிடம் சொல்லுங்கள், நுளம்பு சாமியறைக்கும் போகும்.

இங்கே செட்டிகுளத்தில் சபூறா என்று ஒரு அம்மா. நாங்கள் போனதும் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு முற்றத்தில் நின்று ஏசினார். "தம்பிமார், போன முறை உங்கட மருந்துக்கு என்ர பூனை செத்துப்போச்சு. மூட்டைப்பூச்சி மட்டும் நல்லாக் கொழுத்து நிக்குது. அதென்ன உங்கட சொந்தக்காரனோ?" ஏசி முடித்து எங்கள் எல்லோருக்கும் பிளேன்ரீ தந்தார். ஒரே மாதிரிக் கிளாசில். இதை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சிற்றம்பலத்தை உள்ளே விடுங்கள். எல்லா அறையும் அடிக்கட்டும். பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

தம்பி

*

முத்தையன்கட்டு, இடதுகரை
24.8.68

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை மாமிக்கு வாசிக்கவில்லை. அத்தான் மட்டும் வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

மருந்தடிக்க வந்தார்கள். சிற்றம்பலத்தோடு இன்னும் இரண்டு பேர். பாய், பெட்டி, சட்டி பானை எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்தோம். சாமிப் படங்களை மாமி வேட்டியால் மூடினார். அவன் வாசலில் நின்று, "ஆச்சி, உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டான். மாமி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "வேற ஆக்கள் இல்லையோ எண்டு கேள்" என்றார். அவனுக்குக் கேட்டுவிட்டது. "ஆக்கள் வேற வேற இருக்கினம் ஆச்சி. மருந்து ஒண்டுதான்" என்று சிரித்தான்.

அத்தான், "அடிக்கட்டும் அம்மா" என்றார். அடித்தார்கள். சாமியறையும்தான். பழுப்புச் சுவரில் வெள்ளை வெள்ளையாய்க் காய்ந்து, வீட்டுக்குள் மழை பெய்த மாதிரி ஒரு கோலம். கதவில் வெண்கட்டியால் திகதி எழுதிவிட்டுப் போனார்கள்.

போக முன்னம் மாமி அவனுக்குச் சிரட்டையில் தேத்தண்ணீர் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "கிளாசெண்டால் கை சுடும் அக்கா, இது நல்லது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக் குடித்தான். உன்னைப் பற்றியும் விசாரித்தான்.

மூன்று நாள் கழித்து வீடு மணத்தது, தம்பி. மீசாலையில் வெள்ளிக்கிழமை கண் விழிக்கும்போது வருமே, அந்த மணம். கண்ணை மூடினால் அம்மா குசினிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. நிறைய நேரம் அப்படியே இருந்தேன்.

வேறு விசேஷம் இல்லை. பிள்ளை நன்றாக உதைக்கிறது.

அக்கா

*

செட்டிகுளம்
10.9.68

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. பிள்ளை உதைக்கிறது என்ற வரியை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மணத்தை நீங்கள் ஏன் எழுதினீர்கள்? நான் இங்கே பழைய நெல்லுக் களஞ்சியம் ஒன்றில் டி.டி.ரி. மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கிறேன். மூக்கில் வேறொன்றும் ஏறுவதில்லை. அன்று அந்த மணம் வந்தது. அம்மா குந்தியிருந்து மெழுகுவார், நாங்கள் காயும்வரை வாசலில் காத்து நிற்போம். அம்மா இடக்கைக்காரி. அவருடைய வளைவுகள் மற்ற வீட்டுச் சுவர்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். "உங்கட கொம்மாவின்ர சுவர் கோவிச்சுக்கொண்டு மற்றப்பக்கம் பாக்குது" என்று அப்பா பகிடி பண்ணுவார். உங்களுக்கும் அதே கை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் அது மாறவில்லை.

பேதி குடிக்கிற நாள் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூட விடுமுறையின் முதல் சனி. நான் வைக்கோல் போருக்குள் ஒளிப்பேன். நீங்கள்தான் காட்டிக் கொடுப்பீர்கள். பிறகு பின்னேரம் இரசமும் சோறும் தரும்போது உங்கள் பங்கிலிருந்து அப்பளப்பொரியலை எனக்கு வைப்பீர்கள். காட்டிக் கொடுத்ததற்குக் கூலி.

எனக்குக் கோபம் மட்டும்தான் தெரியும் என்று அப்பா சொல்கிறார். இப்படியும் எழுதத் தெரிகிறது என்பது எனக்கே புதுமை. பிள்ளை பிறந்ததும் வருவேன். அதற்கு மட்டும் லீவு கேட்பேன்.

தம்பி

*

முத்தையன்கட்டு, இடதுகரை
6.10.68

அன்புத் தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது. சுகம்தான். மழை தொடங்கிவிட்டது. விதைப்பு வேலையில் அத்தானுக்கு நிலத்தில் கால் பாவ நேரமில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் குளிருகிறது. ஈரக் காற்றாக இருக்கும். நேற்று ஒன்றுமில்லை. முந்தநாள் இருந்தது. இன்றும் கொஞ்சம். மாமி மல்லித்தண்ணீர் அவித்துத் தருகிறார், தலையில் பற்றும் போடுகிறார். அவரைப் பற்றி நீ கடுமையாக நினைக்காதே. இரவில் எழும்பி எழும்பி வந்து என்னைப் போர்த்திவிடுகிறார்.

குளிர் கூடுகிறது, எழுத்து வடிவாக வரவில்லை. நிறுத்துகிறேன்.

அக்கா

*

செட்டிகுளம்
14.10.68

அக்கா,

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஆசுப்பத்திரிக்குப் போங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குளிர் ஈரக் காற்றால் வருவதில்லை. மல்லித்தண்ணீர் தடிமனுக்கு நல்லது. இது தடிமன் இல்லை. விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள், குளிசை தருவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி என்று முதலிலேயே சொல்லுங்கள். அத்தானிடம் விதைப்பு காத்திருக்கும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆவணிக் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். மருந்தடித்து மூன்று நாள் கழித்து வீடு மணத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். டி.டி.ரி. அப்படி மணக்காது. அது என்ன மணம்?

அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் ஞாபகத்தில் மயங்கிப்போய் இரண்டு பக்கம் எழுதினேன், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

தில்லை

*

முத்தையன்கட்டு, இடதுகரை
15.11.68

அன்பு மச்சானுக்கு,

செல்வநாயகம் எழுதுவது. உம்முடைய சுகத்துக்குக் குறைவிராது என்று நம்புகிறேன்.

உம்முடைய கடிதம் எங்கள் கைக்கு வரும்போது அவ ஏற்கெனவே காய்ச்சலில் படுத்துவிட்டா. வாய்க்கால் பெருகி ரோட்டு உடைந்துபோய்க் கிடந்தது. உழவு மெசினில் ஏற்றி முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மலேரியாதான் என்றார்கள். தாய்க்குப் பயமில்லை. பிள்ளை குறைமாதத்தில் பிறந்து தங்கவில்லை. ஆண்பிள்ளை.

நான்தான் கொண்டுபோய் வாய்க்கால் கரையில் முதிரை மரத்தடியில் அடக்கம் செய்தேன். பேர் வைக்காத பிள்ளைக்குச் செத்தவீடு கொண்டாடுவதில்லை என்று அம்மா சொன்னா. அதனால் ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. உமக்கும் பிந்தித்தான் எழுதுகிறேன். மன்னிக்கவும்.

அவ இன்னும் ஆசுப்பத்திரியில்தான், முடிந்தால் வந்து பாரும். அவ ஒருவரோடும் கதைக்கிறா இல்லை.

இப்படிக்கு,
செல்வநாயகம்

*

செட்டிகுளம்
30.11.68

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் விசாரிக்கிறேன். குளிசை முழுவதும் குடித்தீர்களா? இடையில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்ப வரும்.

ஆசுப்பத்திரியில் உங்கள் கட்டிலடியில் இருந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. மாமி பக்கத்தில் இருந்தார். "பேர் வைக்காததுக்கு அழுதால் அடுத்தது தங்காது பிள்ளை, கண்ணைத் துடை" என்று சொல்லிச் சொல்லித் தானும் கண்ணைத் துடைத்தார். நான் அவரைத் திட்டத்தான் வந்திருந்தேன். முடியவில்லை.

உங்கள் மாற்றுச் சேலை எடுக்க அத்தானோடு வீட்டுக்குப் போனேன். கதவில் வெண்கட்டியால் எழுதிய திகதி இருந்தது. உள்ளே மருந்து இல்லை. ஒரு வெள்ளைப் பொட்டுக்கூட இல்லை. சாமியறை, படுக்கையறை, கூரை தொடும்வரை சாணமும் களியும். நல்ல சுத்தமான வேலை. நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வளைவுகள் மற்றப்பக்கம் பார்த்தன.

வெள்ளையடிக்காதீர்கள் என்று எனக்குப் படிப்பித்தார்கள், அதை அப்படியே உங்களுக்கு எழுதினேன். மெழுகாதீர்கள் என்று எழுதவில்லை. மண்வீட்டில் பிறந்த எனக்கே அது தோன்றவில்லை. எந்த நோயும் அண்டாமல் இருக்கத்தான் அம்மா வருடம் முழுக்க மெழுகினார் என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் வந்து அடித்திருந்தால் மெழுகியிருக்க மாட்டீர்கள். பிள்ளை இருந்திருக்கும். நான் வரமாட்டேன் என்றது சரி. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு படுக்க முடியவில்லை.

மார்கழிக் கடைசியில் அடுத்த சுற்று. நான் வரட்டுமா? சொல்லுங்கள், வருகிறேன். இந்த முறை நியாயம் பேசமாட்டேன்.

தம்பி

*

முத்தையன்கட்டு, இடதுகரை
17.1.69

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இந்தச் சொல்லை இந்த முறை யோசித்து எழுதுகிறேன். குளிசை முழுவதும் குடித்தேன். காய்ச்சல் திரும்பவில்லை. சோறு இறங்குகிறது.

சுவரில் என் கையைப் பார்த்தாய் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. நீ கேட்டதற்கும் உடனே பதில் போடவில்லை. எழுதினால் வா என்றுதான் எழுதுவேன், நீயும் வந்துவிடுவாய் என்று பயந்தேன்.

சிற்றம்பலம்தான் வந்தான். பிள்ளை விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பகிடி ஒன்றும் விடவில்லை. வாசலில் நின்று, "அக்கா, சாமியறையை விடட்டோ?" என்று மெதுவாகக் கேட்டான். "முதல் அதை அடியும்" என்றேன். நானே போய்ப் படங்களைக் கழற்றி முற்றத்தில் வைத்தேன். மாமி மாட்டடிக்குப் போய்விட்டார். வேலை முடிந்ததும் அத்தான் குடிக்கிற கிளாசில் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சுடுது" என்றான். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னம் மாமி பெரிய வாளியில் சாணமும் களியும் குழைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "தை பிறக்குது, வீடு துடக்காக் கிடக்குது. மெழுகு பிள்ளை" என்றார். மணம் வந்தது தம்பி, அதே மணம். வாளிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். பிறகு தூக்கிக்கொண்டு போய் முருங்கையடியில் ஊற்றினேன்.

"மெழுகாத வீட்டில பொங்கேலாது" என்றார் மாமி.

"பொங்க வேண்டாம்" என்றேன். அத்தான் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். அரிசி இடிக்க எடுத்துவைத்த உலக்கையைத் திரும்பக் கொண்டுபோய் மூலையில் சாத்தினார்.

பொங்கலன்று இந்தக் கரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் மட்டும் பானை இல்லை, கோலம் இல்லை. பக்கத்துக் காணிக்குக் கமலாசனி என்று ஒரு பெண் மார்கழியில்தான் குடிவந்தவள். மத்தியானம் ஒரு சட்டியில் தான் பொங்கிய புக்கை கொண்டுவந்தாள். துக்கம் நடந்து பொங்காத வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம்தானே. வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். புகைபிடித்த சுவரும் அதன் மேல் வெள்ளைக் கறையும். குரலைத் தாழ்த்தி, "செத்தவீடோ அக்கா? ஒருத்தரும் சொல்லேல்லையே எனக்கு" என்று கேட்டாள்.

குசினிக்குள் இருந்து மாமி, "சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார்.

நான், "ஓம்" என்றேன்.

"ஆர்?" என்று கேட்டாள்.

"என்ர மகன்" என்றேன்.

புக்கையைக் கையில் வாங்கினேன். சுவரை அடுத்த சுற்று வரும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். அதன் பிறகு நீ வா. மருந்தடிக்க அல்ல, சும்மா வா. முதிரை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் அக்கா,
ஜெகதீஸ்வரி